நடந்தால் சுறுசுறுப்பு வரும் என்றீர்களே, டாக்டர்?

ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட். விடிகாலையில் வேலை முடிந்ததும் நேராக ஜிம்முக்குப் போய் ஒன்றேகால் மணி நேரம் வெயிட் தூக்குகிறேன். அப்புறம் இரண்டு நாளைக்கு உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. ‘ப்ரீ ஒர்க்அவுட்’ பவுடர் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார் டிரெய்னர். குடிக்கலாமா?
*- வாசகர், சோழிங்கநல்லூர்*

அந்த டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் காபீன்தான் அதில் கதாநாயகன். ஒரு டம்ளர் காபி செய்யும் வேலைக்கு அத்தனை விலை! காபீன் களைப்பைப் போக்காது, தெரியாமல் மூடி வைக்கும். குடித்து ஐந்தாறு மணி நேரம் ஆன பிறகும் அதில் பாதி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பகலில் தூங்கினால்தான் உங்களுக்குத் தூக்கம் என்றிருக்க, அதிலும் மண் விழும்.

ராத்திரி முழுக்க விழித்த உடம்பை விடிந்ததும் வெயிட் தூக்கச் சொன்னால் அது என்ன செய்யும்? தசை வளர்வது ஜிம்மில் இல்லை, சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போதுதான். வீட்டுக்குப் போய் முதலில் தூங்குங்கள். எழுந்து சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து, ஷிஃப்டுக்கு முன்னால் ஜிம்முக்குப் போங்கள். வாரம் மூன்று நாள், இப்போது தூக்குவதில் பாதி எடை. மறுநாள் கொஞ்சம் தசைவலி இருக்கலாம். அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் முந்தின நாள் செய்தது அதிகம்.

உடற்பயிற்சி செய்த களைப்பு போக எந்த டானிக் நல்லது?
*- வாசகர், கும்பகோணம்*

ஏழு மணி நேரத் தூக்கம். மருந்துக் கடையில் கிடைக்காது.

வயது 38. எடை குறைக்கத் தினமும் 40 நிமிடம் நடக்கிறேன். வந்ததும் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, சமையலறையில் நிற்க முடியவில்லை. ‘எல்லாம் சோம்பேறித்தனம், பழகினால் சரியாகும்’ என்கிறார் கணவர். மூன்று மாதமாகியும் பழகவில்லையே?
*- வாசகி, ராஜபாளையம்*

பழகாது, அம்மா. மூன்று மாதம் நடந்தும் மூச்சு தேறவில்லை என்றால் காலைக் குறை சொல்லக் கூடாது, ரத்தத்தைப் பார்க்க வேண்டும். இதே கதையோடு என் முன்னால் வந்து உட்காரும் பெண்களின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் பாதிப் பேருக்குச் சிவப்பே இருக்காது. தசைக்கு ஆக்சிஜனைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். வண்டியே பாதிதான் ஓடுகிறது, சரக்கு எப்படி வந்து சேரும்? இதயம் இரண்டு மடங்கு அடித்துச் சமாளிக்கப் பார்க்கிறது. அந்தப் படபடப்புக்கு உங்கள் வீட்டில் சோம்பேறித்தனம் என்று பெயர்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் என்று வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கிறோம். வீட்டு அம்மாள் கடைசியாக ரத்தம் கொடுத்தது எப்போது என்று கேட்டால், ‘சின்னவன் வயிற்றில் இருந்தபோது’ என்கிறார்கள். சின்னவன் காலேஜ் படிக்கிறான்!

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். மூன்றையும் பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 12-க்கு மேலே இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் இரும்பின் கையிருப்பு கரைகிறது என்று அர்த்தம்; அதிலும் களைப்பு வரும். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்தாதீர்கள். எண் ஏறிவிட்டது என்றும் நிறுத்தாதீர்கள். கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகும். மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. இரண்டு பேரீச்சம்பழத்தில் இதைத் தீர்க்கலாம் என்று சொல்பவரிடம் வாக்குவாதம் வேண்டாம், நகர்ந்துவிடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள்: இட்லி சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். சாப்பாட்டில் உள்ள இரும்பை டீ பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். ரிப்போர்ட் வரும்வரை 15 நிமிட நடை போதும். வந்ததும் அதை முதலில் உங்கள் கணவர் கையில் கொடுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் அதைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் நடப்பேன். திரும்பும்போது வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, அடித்துப் போட்டாற்போல் ஆகிறது. சர்க்கரை நன்றாகக் குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
*- வாசகர், ஸ்ரீரங்கம்*

குறைகிறது, சார். நீங்கள் ரோட்டில் விழும் அளவுக்குக் குறைகிறது. கிளிமிபிரைடு வகை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடப்பது பக்தியோடு செய்யும் தற்கொலை முயற்சி. நடுக்கம் வந்ததும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ‘சர்க்கரைக்காரன் சர்க்கரை சாப்பிடலாமா?’ என்று அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது. மாத்திரையின் அளவையும் நேரத்தையும் இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

சிக்குன்குனியா வந்து நான்கு மாதம் ஆகிறது. ஒருநாள் தெம்பாக இருக்கிறதே என்று இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். அன்று ஒன்றும் இல்லை. மறுநாள் மாலை படுத்தவள் மூன்று நாள் எழவில்லை. இனி நடக்கவே கூடாதா?
*- வாசகி, நாகர்கோவில்*

பயப்படாதீர்கள், நடக்கலாம். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஒருநாள் தாமதித்துக் களைப்பு வரும். நடந்த அன்று தெரியாததால் ஏமாந்துபோகிறோம். தெம்பான நாளில் கையில் இருப்பதையெல்லாம் செலவழிக்காதீர்கள், பாதியோடு நிறுத்துங்கள். பத்து நிமிடம் நடந்து, இரண்டு நாள் கவனித்து, ஒன்றும் செய்யவில்லை என்றால் அதையே ஒரு வாரம் தொடருங்கள். ‘முக்கி முனகி வாராவாரம் கூட்டு’ என்பவர்கள் பேச்சு வேண்டாம். நாள்பட்ட களைப்பு நோயாளிகளுக்கு அப்படிப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியைத் தரக் கூடாது என்று பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2021-ல் தன் வழிகாட்டியையே மாற்றி எழுதியது. உங்களுக்கு அந்த நோய் என்று சொல்லவில்லை. ஆனால் படுத்து எழும் ஒவ்வொரு முறையும் நாள் வீணாகிறது.

வயது 54. இருபது வருடமாக ஷட்டில் ஆடுகிறேன். இரண்டு வாரமாக ஒரு செட் முடிப்பதற்குள் தாங்க முடியாத அசதி, தாடையிலும் இடது தோளிலும் ஒரு கனம். உட்கார்ந்தால் போய்விடுகிறது. வயதாகிவிட்டதா?
*- வாசகர், ஈரோடு*

வயது இரண்டு வாரத்தில் ஆவதில்லை. நேற்றுவரை சுமந்த வேலையை இன்று உடம்பு சுமக்க மறுத்தால், அதிலும் ஆடும்போது வந்து உட்கார்ந்தால் போகிறது என்றால், முதல் சந்தேகம் இதய ரத்தக்குழாய் மேல்தான். இன்றே இதய மருத்துவரைப் பாருங்கள். ஓய்வாகப் படுத்து எடுத்த ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிடாதீர்கள், ஆடும்போது வருவதாக அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் கனம் வந்தால் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை ராக்கெட் பீரோவில் இருக்கட்டும்.