ஆழம் தெரிந்து காலை விடுவோம்
கல்லாற்றங்கரையில் ஒரு பாடம்

நான் ரயில்வேயில் சிவில் பிரிவில் 36 ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெற்றவன். படித்தது டிப்ளமாதான். தண்டவாளமும் பாலமும் மழைக்காலமும் கற்றுத் தந்ததே மீதிப் படிப்பு.

நம் மாதக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில், புதிதாகத் திருவனந்தபுரம் வந்த குடும்பத்தினர் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். "சார், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது?" வேலை நிமித்தம் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்து, இரண்டு அறை அடுக்ககத்தில் குடியிருப்பவர்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. பிள்ளைகள் மண்ணை மிதிக்காமல் வளர்கிறார்களே என்ற கவலை அதற்குள் இருக்கிறது.

என் பதில் இதுதான்: வாரம் ஒரு முறை ஊருக்குள், மாதம் ஒரு முறை ஊரோரம், ஆண்டுக்கு ஒரு முறை மலையடிவாரம். ஆனால் மலையடிவாரம் போகுமுன் சில பாடங்களைப் படித்துவிட்டுப் போக வேண்டும். அந்தப் பாடங்களைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

வாரம் ஒரு முறை: மியூசியம் தோட்டம்

பெரிய மரங்கள் நிற்கும் மியூசியம் வளாகம் நகரின் நடுவிலேயே இருக்கிறது. காலை நேரத்தில் நடப்பவர்கள் கூட்டம் அதிகம். அங்கே மிருகக்காட்சிசாலையும் இருக்கிறது. நடுவில் நிற்கும் நேப்பியர் மியூசியம் 1880ல் கட்டி முடிந்தது. அதை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். சென்னைச் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டியவரும் இவரே. சென்னையிலிருந்து வந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். கண்ணில் ஓர் உறவு தெரியும். மின்விசிறி இல்லாத காலத்தில், சூடான காற்று மேலேறி வெளியேறும்படி கூரையையும் சாளரங்களையும் எப்படி அமைத்தார்கள் என்று காட்டுங்கள். உள்ளே போக வேண்டுமானால் திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு வாரமும் ஒரே மரத்தின் கீழ் நில்லுங்கள். இலை உதிர்வது, துளிர்ப்பது, பூப்பது, காய்ப்பது எல்லாம் ஓராண்டில் தெரிந்துவிடும். நூறு மரங்களை ஒரு நாளில் பார்ப்பதைவிட ஒரு மரத்தை ஐம்பது வாரம் பார்ப்பது மேல்.

மாதம் ஒரு முறை: அருவிக்கரை, பாலோடு

நகரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் அருவிக்கரை. கரமனை ஆற்றின் குறுக்கே அங்கே அணை இருக்கிறது. நகரத்துக் குழாய்களில் வரும் நீரில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. அதற்கு மேலே காட்டுக்குள் இருக்கும் பேப்பாறை அணை 1983ல் கட்டப்பட்டது. வீட்டில் பிள்ளை குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் பல் தேய்த்தால் நான் திட்டுவதில்லை. "அருவிக்கரை ஓடுகிறது, மூடு" என்பேன். ஒரு முறை அந்த அணையைப் பார்த்த பிள்ளைக்கு அது போதும்.

பாலோட்டில் 1979ல் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுமார் 300 ஏக்கர் பரப்பு. அகத்தியமலைக் காட்டில் வாழும் காணி மக்கள் களைப்புத் தீர ஒரு சிறு செடியின் காயைத் தின்பார்கள்; அந்தச் செடியை அங்குள்ள விஞ்ஞானிகள் ஆராய்ந்து ஒரு மருந்து செய்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்பது அந்தச் செடியின் பெயர். அதில் வந்த உரிமத் தொகையில் ஒரு பங்கைக் காணி மக்களுக்கே கொடுத்தார்கள். காட்டை அறிந்தவர் யார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

ஆண்டுக்கு ஒரு முறை: கல்லாறு

நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி போகும் பாதையில் சுமார் 45 கிலோமீட்டரில் கல்லாறு. இதைத் தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. பெரும்பாலோர் கல்லாற்றை வண்டியின் சன்னல் வழியே பார்த்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், இறங்க வேண்டிய இடம் இதுதான்.

பெயரைப் பாருங்கள். கல் நிறைந்த ஆறு, கல்லாறு. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான பெயர். ரயில்வேக்காரனான எனக்கு இன்னொரு கல்லாறும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் மலை ரயிலில் கல்லாறு என்ற நிலையம் இருக்கிறது. சமவெளி முடிந்து, பற்சக்கரப் பாதை அங்கேதான் தொடங்குகிறது. அங்கிருந்து குன்னூர் வரை சுமார் 12 அடிக்கு ஓர் அடி என்று ஏற்றம். எந்த மாவட்டமானால் என்ன, மலை முடியும் இடத்தில் ஆறு கல்லைக் கொட்டும். அங்கே நம் முன்னோர் இந்தப் பெயரை வைத்துவிடுவார்கள்.

நம் கல்லாறு வாமனபுரம் ஆற்றின் மேல்பகுதி. செம்முஞ்சிமொட்டைப் பக்கம் பிறக்கும் அந்த ஆறு 88 கிலோமீட்டர் ஓடி அஞ்சுதெங்குக் காயலில் சேர்கிறது. இம்மலைகள் அகத்தியமலைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில்தான் தாமிரபரணி பிறந்து திருநெல்வேலிக்குப் போகிறது. 2001ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016ல் யுனெஸ்கோ பட்டியலிலும் இப்பகுதி இடம் பெற்றது. நெல்லைக்காரர் கல்லாற்றில் கால் நனைத்தால், அவர் தம் ஊர் மலையின் மறுபக்கத்தில் நிற்கிறார் என்று பொருள்.

இங்கிருந்து காட்டு வழியே சுமார் 3 கிலோமீட்டர் நடந்தால் மீன்முட்டி அருவி. வனத்துறையிடம் கட்டணம் செலுத்தி, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியுடன் போக வேண்டும். யானை நடமாடும் காடு. தனியே நுழையக் கூடாது.

நான் செய்த பிழை

இனிச் சொல்லப் போவது எனக்குப் பெருமை தருவதல்ல.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், பூஜை விடுமுறையில் என் தங்கை குடும்பத்தோடு மதுரையிலிருந்து வந்திருந்தாள். எல்லோரும் கல்லாறு போனோம். புளியோதரையும் தயிர்சாதமும் கொண்டு போய் ஆற்று நடுவே ஒரு பெரிய பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வானத்தில் வெயில். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணலாம். தங்கை மகனுக்கு அப்போது 12 வயது. "மாமா, இறங்கட்டுமா?" என்று கேட்டான். நான் எட்டிப் பார்த்தேன். "மார்பளவுதான்டா, இறங்கு" என்றேன். பாலத்துக்கு அடியில் நீர் அளந்து பிழைத்தவன் சொன்ன சொல் அது.

இறங்கியவன் காணாமல் போனான். ஒரு முறை கை தெரிந்தது. எனக்குக் கால் நகரவில்லை. கரையில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் ஓடி வந்து, நீளமான ஈற்றைக் கழியை நீட்டினார். பையன் அதைப் பிடித்துக்கொண்டான். இழுத்துப் போட்டார். அவர் கோபப்படவில்லை. "ஸாறே, இது கயமாணு" என்று மட்டும் சொன்னார். பிறகு பொன்முடிப் பக்கம் கை காட்டி, சீக்கிரம் கரையேறச் சொன்னார். அங்கே மேகம் கறுத்திருந்தது. நாங்கள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, தண்ணீர் செம்மண் நிறமாகியிருந்தது. நாங்கள் சாப்பிட்ட பாறையைக் காணவில்லை.

கயம். பள்ளியில் நான் மனப்பாடம் செய்த தமிழ்ச் சொல். ஆழமான நீர்நிலை என்று பொருள் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதே கல்லாற்றில் வட்டக்கயம் என்றே ஓர் இடம் உண்டு. அங்கே உயிர் இழந்தவர்கள் பலர். பரீட்சைக்குத் தெரிந்த சொல் ஆற்றங்கரையில் எனக்குக் கேட்கவில்லை.

அந்தத் தண்ணீர் செய்த வேலை என்ன?

வீடு திரும்பியபின் பழைய பாடப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று விஷயங்கள்.

முதலாவது, ஒளி விலகல். மேலிருந்து பார்க்கும்போது தெளிந்த நீரின் ஆழம் முக்கால் பங்காகத் தெரியும். எட்டடி ஆழம் ஆறடியாகத் தோன்றும். அளவு காட்ட ஒப்பிடும் பொருள் எதுவும் இல்லாதபோது கண் இன்னும் அதிகமாக ஏமாறும்.

இரண்டாவது, கயம் உண்டாகும் விதம். சுழலில் அகப்பட்ட கற்கள் அம்மிக் குழவி போலப் பாறையை ஆண்டாண்டாய் அரைத்துக் குழி பறிக்கின்றன. ஓரத்தில் முழங்கால் அளவு. அடுத்த அடியில் ஆள் மூழ்கும் பள்ளம். சரிவு இருக்காது, விளிம்புதான் இருக்கும்.

மூன்றாவது, மலை வெள்ளம். நம் தலைக்கு மேல் மழை வேண்டியதில்லை. மேலே பொன்முடிச் சரிவில் கொட்டினால் போதும். பாறைச் சரிவில் நீர் நிற்காமல் இறங்கிவிடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அது உருட்டக்கூடிய கல்லின் எடையோ 64 மடங்காகும் என்பது பழைய பொறியியல் விதி. ஆற்றில் கிடக்கும் யானைப் பருமன் கற்கள் அங்கே தாமாக வந்து உட்காரவில்லை.

ரயில்வே வழக்கம், குடும்பத்துக்கும் உதவும்

ரயில் பாலத் தூண்களில் அபாய அளவு என்று ஒரு கோடு போட்டிருப்போம். மழைக்காலத்தில் காவலாளி அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வண்டி நிற்கும். அதில் வாதமே இல்லை. அதே வழக்கத்தைக் குடும்பச் சுற்றுலாவுக்கு இப்படி மாற்றிக்கொண்டேன்.

1. போனவுடன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைப் பார்க்க வேண்டும். குச்சி நனைந்தால் எல்லோரும் கரையேற வேண்டும்.

2. தண்ணீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், ஓசை மாறினாலும் குச்சியைப் பார்க்க நேரமில்லை. உடனே மேடேறுங்கள். பாத்திரம் போனால் போகட்டும்.

3. ஆற்று நடுப் பாறையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். கரை மேட்டில் சாப்பிடுங்கள்.

4. உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். அவர் "கயம்" என்றால் அதோடு பேச்சு முடிந்தது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதற்கும் அதே மரியாதை. கணுக்கால் நீரில் கிடைக்கும் குளிர்ச்சியே போதும்.

5. ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடிமழை வழக்கம். போனால் நண்பகலுக்குள் திரும்பிவிடுங்கள். மழை மிகுந்தால் வனத்துறை வழியை மூடிவிடும். விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

6. கழியும் கயிறும் கையில் இருக்கட்டும். ஒருவர் மூழ்கினால் நீச்சல் பழகாதவர் பின்னால் குதிக்கக் கூடாது. எட்டும் பொருளை நீட்டுங்கள். என் மருமகனைக் காப்பாற்றியது கழிதான்.

பிள்ளைகளிடம் கேட்க ஐந்து கேள்விகள்

திரும்பி வரும் வழியில் வண்டியில் கேளுங்கள். சரியான பதிலுக்குக் கடலை மிட்டாய் கொடுக்கலாம்.

1. ஆற்றுக் கல் ஏன் உருண்டை, சாலைக்கு உடைத்த கல் ஏன் கூர்மை?
2. நாவல் இங்கே ஞாவல், பலா இங்கே ப்லாவு. இப்படி இன்னும் மூன்று மரங்களின் பெயர் சொல்ல முடியுமா?
3. பொன்முடிக்கு அருகே வரையாட்டுமொட்டை என்று ஒரு மலை உண்டு. வரையாடு எந்த மாநிலத்தின் விலங்கு?
4. இந்தத் தண்ணீர் எந்தக் காயலில் சேரும்? நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது?
5. கயம் என்றால் என்ன?

ஐந்தாம் கேள்விக்கு மட்டும் எல்லாப் பிள்ளைகளும் பதில் சொல்ல வேண்டும். ஒருவருக்குத் தெரியாவிட்டாலும் மிட்டாய் கிடையாது என்பது எங்கள் வீட்டு விதி.

என் மருமகன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். சென்ற ஆண்டு மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் வந்திருந்தான். "மாமா, கல்லாறு போகலாம்" என்று அவனே சொன்னான். போனோம். வண்டியை விட்டு இறங்கியதும் அவன் முதலில் செய்த காரியம், ஒரு குச்சியைத் தேடி எடுத்துத் தண்ணீர் விளிம்பில் நட்டது.