சத்தமே வராத படத்தில் ஒரு பாடகி: டி.பி. ராஜலட்சுமி

நம்ம நரிக்குடி, திருச்சுழி பக்கம் கோயில் திருவிழான்னா "வள்ளி திருமணம்" நாடகம் கண்டிப்பா இருக்கும். ஓரமா ஆர்மோனியம், மிருதங்கம். வள்ளியும் நாரதரும் விடிய விடிய பாட்டிலேயே தர்க்கம் பண்ணுவாங்க. வெளிநாட்டில் ஓபரான்னு சொல்றாங்களே, நமக்கு அது இந்த இசை நாடகம்தான். இந்த மேடையில் வளர்ந்து, பேசாத படத்தில் நடிச்சு, திரும்பவும் பாட்டால ஜெயிச்ச ஒருத்தரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

யார் இவர்?

1911-ல் திருவையாற்றில் பிறந்தவர் ராஜலட்சுமி. சின்ன வயசிலேயே கல்யாணம், அது நிலைக்கலை. பிழைக்க நாடக மேடைக்கு வந்தார். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடணும், இல்லைன்னா மேடையில் இடம் இல்லை.

1929-ல் சென்னையில் ஏ. நாராயணன் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷனைத் தொடங்கி மௌனப் படங்கள் எடுத்தார். ராஜலட்சுமி அவற்றில் நடித்தார். யோசிச்சுப் பாருங்க: குரலால பேர் வாங்கின ஒருத்தர், குரலே பதிவாகாத படத்தில்! அமெரிக்காவிலும் இப்படி நடந்திருக்கு. ஜெரால்டின் ஃபாரர் என்ற ஓபரா பாடகி 1915-ல் "கார்மென்" மௌனப் படத்தில் நடித்தார்.

சத்தம் எப்படி வந்தது?

இது நம்ம ஏரியா. மைக் ஒலியை மின் சிக்னலா மாத்தும். அந்த சிக்னல் ஒளியோட அளவைக் கூட்டிக் குறைக்கும். அது ஃபிலிம் ஓரத்தில் ஒரு கோடா பதிவாகும். தியேட்டரில் அந்தக் கோட்டின் வழியா ஒளியைப் பாய்ச்சினா, ஃபோட்டோசெல் அதைத் திரும்ப மின்சாரமாக்கும். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஆனா ஃபிலிம் ஓடுற வேகம் மாறினா சுருதியும் மாறிடும். கையால் சுத்தின மௌனப் பட கேமரா இதுக்கு ஆகாது. அதனால்தான் வினாடிக்கு 24 ஃபிரேம் என்று நிலையான வேகம் வந்தது.

பின்னணிப் பாட்டு முறை அப்போ கிடையாது. கேமரா ஓடும்போதே நடிகர் பாடணும். முகம் மட்டும் இருந்தா போதாது, குரலும் வேணும். மேடைக்காரங்களுக்குக் கதவு திறந்தது இப்படித்தான்.

1931, அக்டோபர் 31

எச்.எம். ரெட்டி இயக்கிய "காளிதாஸ்" அன்றைக்கு வெளியானது. கதாநாயகி ராஜலட்சுமி. பம்பாயில், "ஆலம் ஆரா"வுக்குப் போட்ட செட்டில் எடுத்த படம். இவர் தமிழில் பேச, மற்றவர்கள் தெலுங்கிலும் பேசினாங்க! தியாகராஜர் கீர்த்தனையும் இருந்தது. காந்தியின் ராட்டினத்தைப் போற்றும் பாட்டும் இருந்தது. கதைக்குச் சம்பந்தமே இல்லை, ஆனா ஜனங்க கேட்க வந்ததே பாட்டைத்தான்.

1933-ல் "வள்ளி திருமணம்" படமானபோது வள்ளி இவர்தான். 1936-ல் தான் எழுதிய நாவலையே "மிஸ் கமலா" என்று படமாக்கி, தமிழின் முதல் பெண் இயக்குநர் ஆனார். வயசு 25. நம்மளைவிட நாலு வயசுதான் அதிகம்.

நமக்கு என்ன?

ரெண்டு விஷயம். ஒண்ணு, புது டெக்னாலஜி வந்தா பழைய திறமை செத்துடும்னு சொல்றாங்க. எப்பவும் அப்படி இல்லை. மௌனப் படத்தில் வேலையில்லாத பாட்டு, பேசும் படத்தில் முதல் தகுதி ஆச்சு. எந்தத் திறமை எப்போ தேவைப்படும்னு முன்கூட்டியே தெரியாது, கைவிடாம வெச்சிருக்கணும்.

ரெண்டாவது, "காளிதாஸ்" படத்தின் ஒரு பிரதிகூட இன்னைக்கு இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படத்தின் கதாநாயகி எப்படிப் பாடினார்னு அந்தப் படத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்க வழியில்லை. அப்போ பாதுகாக்கணும்னு யாருக்கும் தோணலை. அடுத்த திருவிழாவில் நம்ம ஊர் வள்ளி பாட வரும்போது, அனுமதி கேட்டு முழு நாடகத்தையும் பதிவு பண்ணுங்க. தேதி, ஊர், பாடினவங்க பேர் எழுதி வையுங்க. ஃபோன் எல்லார் கையிலும் இருக்கே.