அட்டைப்பெட்டியா, கோரைப்பாயா, கொய்யாக் குச்சியா? முயலுக்கும் ஹாம்ஸ்டருக்கும் எது தோது

செம்பி எங்கள் வீட்டு முயல். மூன்றரைக் கிலோ இருப்பாள். விடியற்காலை ஐந்து மணிக்கு மின்விசிறிச் சத்தத்தையும் மீறிச் சர்ர், சர்ர் என்று ஓசை கேட்டால் அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம். முன்னங்கால்கள் இரண்டையும் மாற்றி மாற்றி ஏழெட்டு முறை பிறாண்டுவாள். நிறுத்தி, பிறாண்டிய இடத்தில் மூக்கை வைத்துப் பார்ப்பாள். பிறகு அட்டையின் விளிம்பைப் பல்லால் பற்றி ஓர் இழுப்பு. கிழிந்து வந்த துண்டைத் தலையைச் சிலுப்பிப் பக்கத்தில் எறிந்துவிட்டு மறுபடியும் சர்ர், சர்ர். இந்த வேலையை முன்பெல்லாம் எங்கள் மெத்தையில் செய்துகொண்டிருந்தாள். கூரியரில் வந்த ஒரு பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்ட நாளிலிருந்து மெத்தை தப்பித்தது.

குறும்பு என்று இதை அதட்டக் கூடாது. வீட்டில் வளரும் முயல்கள், வெள்ளையோ சாம்பலோ, எல்லாமே ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தவை. அது மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் பிராணி. நம் ஊர்க் காடுமேடுகளில் ஓடும் முயல் வேறு இனம். அது வளை தோண்டாது, புல் மறைவில் படுத்துக்கொள்ளும். (அதைப் பிடித்து வளர்க்கச் சட்டம் அனுமதிப்பதும் இல்லை.) தோண்டுவது செம்பியின் ரத்தத்தில் இருக்கிறது. டைல்ஸ் தரையில் அவளுக்குத் தோண்ட எதுவும் இல்லை. நாம்தான் தர வேண்டும்.

எதைத் தருவது என்பதற்கு முன்னால் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிட வேண்டும். "பல்லு வளர்ந்துக்கிட்டே இருக்கும், அட்டையைக் கடிச்சா தேஞ்சிடும்" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். முதல் பாதி உண்மை. முயலின் முன்பற்கள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். ஆனால் முயலுக்கு முன்பல் மட்டும் வளர்வதில்லை. மொத்தமுள்ள 28 பற்களுமே ஆயுள் முழுக்க வளர்பவை. கினிப்பன்றிக்கும் சின்சில்லாவுக்கும் அப்படியே. அட்டையையோ கட்டையையோ கடிக்கும்போது வேலை செய்வது முன்பற்கள்தாம். கடைவாய்ப் பற்கள் தேய வேண்டுமானால் தாடை பக்கவாட்டில் அரைக்க வேண்டும், மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். அதைச் செய்ய வைப்பது புல் ஒன்றுதான். கடைவாய்ப் பல் தேயாமல் முள்போல் நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்தத் தொடங்கினால், பிராணி வாயில் நீர் வழிய, தீனியை எடுத்து எடுத்துக் கீழே போடும். எத்தனை அட்டை கொடுத்தாலும் அது சரியாகாது. எலி, சுண்டெலி, ஹாம்ஸ்டர் ஆகியவற்றுக்கு முன்பற்கள் மட்டுமே வளர்பவை என்பதால் அவை கடிக்கும் பொருளுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு. ஆக, முயலுக்கு அட்டை என்பது காலுக்கும் மனசுக்கும். பல்லுக்குப் புல். வைக்கோலைப் புல்லென்று நினைத்துவிடாதீர்கள், அது சத்து போன பிறகு மிஞ்சும் தாள். அருகம்புல், காயவைத்த தீவனப்புல் போன்றவைதான் வேண்டும்.

இனித் தேர்வுக்கு வருவோம். கடைக்குப் போகுமுன் இரண்டு நாள் உங்கள் பிராணியைச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அது பிறாண்டுகிறதா, கிழிக்கிறதா, கொறிக்கிறதா, ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறதா? ஒன்றுக்கு ஏற்றது மற்றொன்றுக்கு உதவாது. பிறாண்டுகிற முயலுக்கு மரக்கட்டை வாங்கிப் போட்டுவிட்டு "தொடவே மாட்டேங்குது" என்று வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் என் முதல் தேர்வு, அச்சு அதிகமில்லாத சாதாரணப் பழுப்பு நெளி அட்டைப்பெட்டி. இரண்டு தட்டைத் தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாளை வைத்து ஒட்டியது மூன்று பிளை. அதன் மேல் இன்னோர் அலைத் தாளும் தட்டைத் தாளும் சேர்ந்தால் ஐந்து பிளை. இந்த அடுக்குகளை ஒட்டுவது பெரும்பாலும் மாவுப் பசைதான். மக்காச்சோளம், மரவள்ளி போன்றவற்றிலிருந்து எடுத்த ஸ்டார்ச். அதனால் கிழிக்கும்போது ஒரு துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் பயமில்லை. மூன்று பிளை சட்டென்று கிழியும். எலிக்கும் ஹாம்ஸ்டருக்கும் கினிப்பன்றிக்கும் அது போதும். மூன்று, நான்கு கிலோ முயலுக்கு ஐந்து பிளை எடுங்கள், ஒரு வாரமாவது தாங்கும். இங்கே சந்தையில் 'பன்னி' என்று உள்ளங்கை அளவில் விற்கப்படும் குட்டிகள் பல, இறைச்சிக்கு வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற பெரிய இனங்களின் குட்டிகளே. ஆறே மாதத்தில் பெட்டி போதாமல் போகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் தயார் செய்யப் பத்து நிமிடம் ஆகும். டேப்பை ஓரம் விடாமல் உரித்தெடுங்கள். முகவரிச் சீட்டையும் எடுத்துவிடுங்கள். பிசின் ஒருபுறம் இருக்க, அவற்றில் பல ரசாயனம் பூசிய வெப்ப அச்சுத் தாள். பழப்பெட்டி, மின்சாதனப் பெட்டி என்றால் கம்பிப் பின் அடித்திருப்பார்கள். அடிப்பக்க மடிப்புகளை விரலால் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பிறகு இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒரு வாசல் மட்டும் இருந்தால் வேட்டைக்கு அஞ்சி வாழும் பிராணிக்கு அது பொறி. முழு முயலுக்கு ஒரு சாண் அகலம், ஒரு சாண் உயரம் வேண்டும். நான் ஒரு வாசலை மட்டும் முழு அளவில் வெட்டுவேன். இரண்டாவதை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி விட்டுவிடுவேன். மீதியைச் செம்பியே இரண்டு நாள் உட்கார்ந்து கடித்துக் கடித்து, தன் தோள் அளவுக்கு அகலமாக்கிக்கொள்வாள். தானே திறந்த வாசல் வழியாகத்தான் அதற்குப் பிறகு போக்குவரத்து எல்லாம்.

ஒதுக்க வேண்டிய அட்டைகளும் உண்டு. பளபளப்பான வண்ணப் பெட்டி, பிளாஸ்டிக் படலம் ஒட்டிய ஸ்வீட் பாக்ஸ், மெழுகு பூசிய உறைபனிப் பண்டப் பெட்டி, சோப்பும் பினாயிலும் வந்த பெட்டி எதுவும் வேண்டாம். ஸ்வீட் பாக்ஸில் நெய்யும் சர்க்கரையும் வேறு ஒட்டியிருக்கும். மளிகைக் கடையிலிருந்து பெட்டி வாங்கி வந்தால் மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டைக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். அவரை விதை அளவில் அரக்கு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு முழு நாள் வெயிலில் காயவைத்துத் தட்டிய பிறகே வீட்டுக்குள் எடுங்கள்.

முட்டை ட்ரேயைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். காகிதக் கூழில் செய்தது, கிழிக்க மெத்தென்று இருக்கும், குழிகளில் தீனியை ஒளித்து வைக்கலாம். ஆனால் முட்டை இருந்த ட்ரேயில் கோழி எச்சமும் அதோடு சால்மொனெல்லா கிருமியும் இருக்க வாய்ப்புண்டு. புதிய ட்ரே கிடைத்தால் தாராளமாகக் கொடுங்கள். பழையது வேண்டவே வேண்டாம்.

டிஷ்யூ ரோலின் நடுக்குழல் ஹாம்ஸ்டருக்குப் பொக்கிஷம். அதிலும் ஓர் எச்சரிக்கை. கொழுத்த சிரியன் ஹாம்ஸ்டர் நடுவில் சிக்கும், கினிப்பன்றி தலையை நுழைத்துவிட்டு எடுக்கத் தெரியாமல் பின்னோக்கி ஓடும். குழலை நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டிவிட்டால் அது விரிந்துகொடுக்கும். முயலுக்கு அதே குழலில் உலர்ந்த புல்லைத் திணித்துக் கொடுத்தால் கால் மணி நேரம் உருட்டி உருட்டி இழுக்கும். ஜவுளிக்கடையில் துணி சுற்றி வரும் தடித்த உருளை வேறு. அது அடுக்கடுக்காகப் பசை பூசிச் சுற்றியது. எலி புகுந்து விளையாடலாம், கொறிக்கத் தரக்கூடியது அல்ல.

கடையில் பூனைக்கென்று விற்கும் பிறாண்டு பலகையை வாங்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. நெளி அட்டைக் கீற்றுகளைச் செங்குத்தாக நிறுத்தி நெருக்கமாக ஒட்டியிருப்பார்கள். தேன்கூடுபோல அலைகளின் வாய் மேல்நோக்கி இருக்கும். முயலுக்கு இது பிடிக்கும் என்பதில் சந்தேகமில்லை. தட்டைப் பரப்பில் வழுக்கும் நகம் இதில் நன்றாக மாட்டிக்கொள்ளும், தோண்டத் தோண்டத் துகள் பறக்கும். கீற்றுகளை ஒட்டிய பசை எது என்று அட்டையில் எழுதியிருக்காது என்பதே என் தயக்கம். பிறாண்டி மட்டும் விடுகிற முயலுக்கு வாங்கிக் கொடுக்கலாம். கடித்துத் தின்கிற முயலுக்கு வேண்டாம். தும்மும் எலிக்கும் இந்தத் தூசு ஆகாது.

இதையே வீட்டில் செய்யலாம், பசையே இல்லாமல். பழைய பெட்டிகளை இரண்டு அங்குல அகலக் கீற்றுகளாக, அலை குறுக்கே வரும்படி வெட்டுங்கள். உயரம் குறைந்த இன்னொரு பெட்டிக்குள் செங்குத்தாக அடுக்குங்கள். இனி ஒரு கீற்றும் நுழையாது என்னும் அளவுக்கு இறுக்கித் திணித்தால் தானாகவே நிற்கும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மைதாவும் தண்ணீரும் மட்டும் காய்ச்சி ஒட்டுங்கள். புத்தகம் பைண்டு செய்பவர்களிடம் பசை வாங்கி வராதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம், அது விஷம். ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாற வேண்டாம். பலகை எதுவானாலும் நகம் வெட்டும் வேலை குறையாது. முயலுக்கு 18 நகங்கள், மாதம் ஒருமுறை பார்த்து வெட்டத்தான் வேண்டும்.

அட்டைக்கு மாற்றாக நம்மிடம் இருப்பது கோரைப்பாய். வெளிநாடுகளில் முயலுக்கென்றே கடற்புல்லில் பாய் பின்னி விற்கிறார்கள். கோரை அதற்குச் சளைத்ததல்ல. அட்டையைவிட நீண்ட நாள் உழைக்கும், வழுக்கும் தரையில் பாதத்துக்குப் பிடிமானமும் தரும். ஆனால் பாயின் பாவு நூலைப் பாருங்கள். பருத்தியா, நைலானா? நைலான் என்றால் விட்டுவிடுங்கள். விழுங்கிய நூல் குடலில் சுருண்டால் முயலால் வாந்தி எடுத்து வெளியேற்ற முடியாது, அதன் உடலமைப்பில் அது இல்லை. பருத்தி நூல் என்றாலும் கோரை கழன்று நூல் தொங்கத் தொடங்கியதும் பாயை எடுத்துவிட வேண்டும். சாயமிட்ட பாயும் பிளாஸ்டிக் பாயும் கூடவே கூடாது. இந்த நூல் கவலையே இல்லாதது பனையோலை. சாயம் ஏற்றாத ஓலைப்பெட்டி கடிக்க மொறுமொறுவென்று இருக்கும், முயலும் எலியும் விரும்பிக் கிழிக்கும். கருப்பட்டி வந்த பெட்டி மட்டும் வேண்டாம், இனிப்பு ஒட்டியிருக்கும்.

கொறிப்பதே பிரதானம் என்றால் அட்டை, பாய் இரண்டையும்விடக் கொய்யாக் குச்சி மேல். மருந்து அடிக்காத மரத்திலிருந்து விரல் தடிமனில் ஒடித்து, கழுவி, காயவைத்துக் கொடுங்கள். பட்டையை முதலில் உரித்துத் தின்னும், பிறகு கட்டையை அராவும். மல்பெரிக் குச்சியும் நல்லது. வேலியோரம் கைக்கு எட்டுகிறதே என்று அரளியை ஒடித்துவிடாதீர்கள், அதன் இலை, பட்டை எல்லாமே உயிரைக் கொல்லும் நஞ்சு.

பிராணிவாரியாகச் சொன்னால், முயலுக்குப் பெட்டியும் பிறாண்டு பலகையும். கினிப்பன்றி அவ்வளவாகத் தோண்டாது, அதற்கு ஒளிய இரண்டு வாசல் பெட்டி போதும். ஹாம்ஸ்டருக்குக் குழலும், கூடு கட்ட வாசனையற்ற வெள்ளை டிஷ்யூத் தாளும். பஞ்சு மட்டும் வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும். எலி எதைக் கொடுத்தாலும் நார் நாராகக் கிழித்துக் கூடு கட்டிவிடும். ஆனால் அதில் சிறுநீரும் விடும். ஊறிய அட்டையிலிருந்து எழும் அம்மோனியா நெடி எலியின் மூச்சுக்குழாயைக் கெடுக்கும் என்பதால் எலிக்கூண்டில் அட்டையை அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லோருக்குமே இந்த விதி பொருந்தும். அட்டை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தொட்டால் சில்லென்று, அழுத்தினால் விறைப்பில்லாமல் இருந்தால் பூஞ்சை பிடிக்கப்போகிறது என்று பொருள். அந்த மாதங்களில் பெட்டிகளை வீட்டு உள்ளறையில் மடித்து வையுங்கள், நனைந்ததைக் காயவைத்து மறுபடி கொடுக்க வேண்டாம்.

கீழ்வீட்டுப் பையன் போன மாதம் ஓடி வந்தான். "அக்கா, எங்க முயல் அட்டையைத் தின்னுது, பரவாயில்லையா?" போய்ப் பார்த்தேன். தரையில் துண்டுகள் சிதறிக் கிடந்தால் கவலையில்லை, கிழித்துத் துப்பியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே பெட்டியின் ஒரு மூலையே காணோம், தரையில் துணுக்கும் இல்லை. புல் வைக்கும் கூடையும் காலியாகக் கிடந்தது. அதன் பசிக்கு அட்டைதான் அகப்பட்டிருக்கிறது. பெட்டியை எடுத்துவிட்டுக் கூடை நிறையப் புல் வைத்தோம். ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது கிழித்துப் போட்டதே தவிர விழுங்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இந்த ஒன்றைத் தினமும் பாருங்கள்: துண்டு தரையில் கிடக்கிறதா, வயிற்றுக்குள் போகிறதா. முயல் தீனி எடுக்காமல், 12 மணி நேரம் புழுக்கை போடாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தால், விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். அந்த நேரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.