மூன்றெழுத்துக் கடன்

ஆங்கில மொழிப் பகுதிக்கு இம்முறை நாம் எடுத்துக்கொண்ட வினைச்சொல் மிகச் சிறியது. ஓ, டபிள்யூ, ஈ என்னும் மூன்றே எழுத்துக்கள். உச்சரிப்பு வெறும் 'ஓ'. கடன்பட்டிருத்தல் என்பது பொருள். வாடகை, வரி, மின்சாரப் பட்டியல் என்று வீட்டுக்கு வரும் கடிதங்களில் நம்மவர் அதிகம் தடுமாறும் சொல் இதுவே என்பதைக் கணக்கு மேசையில் இருந்து நாம் கண்டிருக்கிறோம்.

தமிழிலே கடன் கொடுக்கிறோம், கடன் வாங்குகிறோம், கடன்பட்டிருக்கிறோம். மூன்றிலும் கடன் என்ற ஒரே சொல் நிற்கிறது. ஆங்கிலம் மூன்றுக்கும் மூன்று வினை வைத்திருக்கிறது. கொடுப்பது 'லென்ட்', வாங்குவது 'பொறோ'. இவை இரண்டும் கை மாறியதும் முடிந்துவிடும். வாங்கிய நாளுக்கும் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கும் இடையில் உள்ள நிலைதான் 'ஓ'. நிலையைக் குறிப்பதால் 'ஐ ஆம் ஓவிங் யூ' என்பது வழக்கமன்று. 'ஐ ஓ யூ' என்பதே முறை. அந்த ஒலியையே எழுத்துக்களாக்கி ஐ.ஓ.யூ. என்று கடன்சீட்டுக்குப் பெயரும் வைத்தார்கள்.

'அவர் எனக்கு இருபது பவுண் தரவேணும்' என்போம். அதை அப்படியே 'ஹீ ஷுட் கிவ் மீ' என்று ஆங்கிலமாக்கினால், கடனா அன்பளிப்பா என்று கேட்பவருக்கு விளங்காது. 'ஹீ ஓஸ் மீ' என்றால் ஐயமில்லை.

கடிதங்களில் கவனிக்க வேண்டியது ஒன்று. 'யூ ஓ' என்றால் நாம் கட்டவேண்டும். 'யூ ஆர் ஓட்' என்றால் நமக்கு வரவேண்டும். பணம் போகும் திசையே மாறிவிடுகிறது. பிரித்தானிய வரித் திணைக்களம் அனுப்பும் பி800 என்ற கணக்குக் கடிதம் வரியைக் குறைத்துக் கட்டியவருக்கும் போகும், கூட்டிக் கட்டியவருக்கும் போகும். அரசாங்கக் கடிதத்தைக் கண்டதும் கலங்கி, பிரிக்காமலே லாச்சிக்குள் வைத்துவிடும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. உள்ளே இருப்பது திரும்பிவரும் காசாகவும் இருக்கலாம். பிள்ளைகளோ, 'காசு விஷயம்' என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். யார் யாருக்கு என்று கேளுங்கள்.

இனி இச்சொல்லின் பூர்வீகம். கணக்காளருக்கு இதைவிட வேடிக்கையான வரலாறு கிடையாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு 'உடைமையாகக் கொண்டிருத்தல்' என்பதே பொருள்! சொந்தம் என்று பொருள்படும் 'ஓன்' என்ற சொல்லும் அதே குடும்பம். கையில் வைத்திருத்தல் என்ற பொருள், கொடுக்க வேண்டியதை வைத்திருத்தல் என்று மெல்ல நகர்ந்தது. ஷேக்ஸ்பியர் காலத்திலும் பழைய பொருள் சாகவில்லை. 'செய்யவேண்டும்' என்று அறிவுறுத்தும் 'ஓற் டு' என்பதில் உள்ள 'ஓற்' இதன் பழைய இறந்தகால வடிவம். 1598இல் அச்சான 'நான்காம் ஹென்றி' முதற்பாகத்தில், ஆயிரம் பவுண் கடனைப் பற்றிய பேச்சில் அந்த வடிவமே வருகிறது.

லத்தீன் பக்கமும் இதே கதைதான். எமது பேரேட்டின் இடப்பக்கத்து 'டெபிற்', கடன் என்னும் 'டெற்', கடமை என்னும் 'டியூற்றி' மூன்றும் ஒரே லத்தீன் வினையில் பிறந்தவை. 'டெற்' என்பதில் ஒலிக்காத 'பி' எழுத்து, பிரெஞ்சு வழியாக வந்த சொல்லுக்கு லத்தீனை நினைத்துப் பண்டிதர் பிற்காலத்தில் ஒட்டியது. பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படும் பாட்டுக்கு அவர்களே பொறுப்பு.

தமிழுக்கு இது புதுமையல்ல. கடன், கடமை இரண்டும் நமக்கும் உறவு. காலைக்கடன், நீத்தார் கடன் என்பவற்றில் பணம் எங்கே இருக்கிறது? புறநானூற்றில் பொன்முடியார், தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் தனித்தனியே கடன் வகுத்துப் பாடியிருக்கிறார்.

எம்மில் பலர் நாட்டைவிட்டு வெளிக்கிட்டது அம்மாவின் நகையை அடைவு வைத்த காசில். அடைவுகடைக்குப் பட்ட கடனுக்கும் ஆங்கிலத்தில் 'ஓ' தான், அம்மாவுக்குப் பட்டதற்கும் 'ஓ' தான். முதலாவதை வட்டியோடு தீர்த்துக் கோடு கீறிவிட்டோம்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. வீட்டுக்கு வரும் அடுத்த கடிதத்தில் இச்சொல் உள்ள வரியை வட்டமிட்டு, யார் யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று அம்மம்மாவுக்குத் தமிழில் எழுதிக் காட்டுங்கள்.