புல்லும் புழுதியும்

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் படத்தை விரித்து, அதன் நடுப்பகுதியில் ஓக்லகோமா என்னும் மாநிலத்தைக் காணுங்கள், மாணவர்களே! வாணலி ஒன்றை, அதன் நீண்ட கைப்பிடி மேற்கு நோக்குமாறு வைத்தாற்போன்ற வடிவினது அம்மாநிலம். அக்கைப்பிடியின் மேற்கு நுனியே சிமரான் மாவட்டம். தன் மாநிலம் நீங்கலாகப் பிற மாநிலங்கள் நான்கினைத் தொட்டு நிற்கும் மாவட்டம் அந்நாட்டில் இஃது ஒன்றே. கன்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் என்பன அந்நான்கு.

இதன் பரப்பு ஏறத்தாழ 4,770 சதுரக் கிலோமீட்டர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்தோர் 2,296 பேர். இரண்டு சதுரக் கிலோமீட்டருக்கு ஒருவர் என்பது கணக்கு! ஆனால் 1930-ஆம் ஆண்டில் இங்கு 5,408 பேர் இருந்தனர். அவர்களுள் பலர் ஏன் சென்றனர்? நிலத்தின் வரலாற்றை அறிந்தாலன்றி இவ்வினாவிற்கு விடை கிடைக்காது.

மாவட்டத்தின் பெரும்பகுதி மரமற்ற உயர்சமவெளி. வடமேற்கு மூலையில் மட்டும் நிலம் உடைந்து மேடும் பள்ளமுமாய்க் கிடக்கிறது. அங்கே, பண்டு உருகியோடிய எரிமலைக் குழம்பு உறைந்து மூடிய ‘பிளாக் மேசா’ என்னும் கருமேடு 1,516 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஓக்லகோமாவின் மிக உயர்ந்த இடம் அதுவே. அதன் அருகிலுள்ள கென்டன் என்னும் சிற்றூரார் தம் கடிகாரத்தை மாநிலத்தின் பிற ஊர்களினும் ஒரு மணி நேரம் பின்தங்க வைத்துள்ளனர். அண்டை மாநிலமான நியூ மெக்சிகோவின் நேரமே அவர்கட்கு வசதி. சிமரான் என்பது ஆற்றின் பெயர். ஆறென்று பெயரே தவிர, பல காலம் மணலே ஓடும். ஆண்டு மழை சராசரியாக அரை மீட்டரையும் எட்டுவதில்லை. அதுவும் சில ஆண்டுகளில் பொய்க்கும். நம் உழவர் ‘வானம் பார்த்த பூமி’ என்பார்களே, அதனினும் வறண்ட பூமி இது.

இம்மாவட்டம் அமைந்த கதை வியப்பானது. அடிமை முறையை ஏற்ற மாநிலமாக டெக்சாஸ் 1845-இல் நாட்டோடு இணைந்தது. வட அட்சம் 36 பாகை 30 கலைக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்பது 1820-இல் ஏற்பட்ட உடன்பாடு. அடிமைகளை விடமனமில்லாத டெக்சாஸ், அக்கோட்டிற்கு வடக்கேயிருந்த நிலத்தை 1850-இல் விட்டுவிட்டது! பின்னர்க் கன்சாசின் தென்னெல்லை 37-ஆம் பாகையில் வகுக்கப்பட்டது. இடையே, ஏறத்தாழ 55 கிலோமீட்டர் அகலமும் 268 கிலோமீட்டர் நீளமும் உடைய துண்டு நிலம் ஒன்று எவர்க்கும் உரிமையின்றி எஞ்சியது. ‘யாருக்கும் உரிமையில்லா நாடு’ என்றே அதனை அழைத்தனர். உண்மையில் உரியவர் இல்லாமலா இருந்தனர்? கோமாஞ்சி, கயோவா முதலிய பழங்குடியினர் அங்கே காட்டெருமைகளை வேட்டையாடி வாழ்ந்தனர். எல்லை வகுத்தோர் அவர்களை எண்ணவில்லை. காட்டெருமைகளை வேட்டைக்காரர் 1870-களில் கொன்றொழித்தனர். அவற்றின் இடத்தை மாட்டு மந்தைகள் பிடித்தன. வழக்குமன்றமோ நிலப்பட்டாவோ இல்லாத அந்நிலம் 1890-இல்தான் ஓக்லகோமா ஆட்சிப் பகுதியோடு சேர்க்கப்பட்டது. 1907-இல் ஓக்லகோமா மாநிலமானபோது சிமரான் தனி மாவட்டமாயிற்று.

அடுத்த ஆண்டே ஓர் ஏமாற்று நிகழ்ந்தது. நிழல் தரும் மரங்களும் கல் பாவிய வீதிகளும் நிறைந்த நகரம் என்று படம் அச்சிட்டு, தொலைவிலிருந்தோர்க்கு மனைகளை விற்றனர் சிலர். நம்பி வந்தவர்கள் கண்டதோ வெறும் புல்வெளி! விற்றவர்களை நீதிமன்றம் தண்டித்தது. ஆயினும் வந்தவர்களுள் சிலர் அங்கேயே தங்கி ஊரை உண்டாக்கினர். அதுவே மாவட்டத் தலைமையூராகிய பாய்ஸ் சிட்டி.

ஏர் செல்லும் இடத்திற்கு மழையும் பின்செல்லும் என்னும் நம்பிக்கை அக்காலத்தில் மேற்கே குடியேறினோரிடைப் பரவியிருந்தது. முதல் உலகப் போரின்போது ஒரு புஷல், அதாவது 27 கிலோகிராம் கோதுமை இரண்டு டாலருக்கு மேல் விற்றது. போருக்குப் பின் டிராக்டரும் வட்டுக் கலப்பையும் வந்தன. 1925-இல் இருப்புப்பாதையும் வந்தது. நல்ல மழை பெய்த ஆண்டுகள் சில தொடர்ந்தன. 1920-இல் 3,436 ஆக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 5,408 ஆகப் பெருகியது. பல்லாயிரம் ஆண்டுகளாக மண்ணைத் தன் வேர்களால் பற்றியிருந்த குறும்புல், வயல் வயலாக உழுது புரட்டப்பட்டது.

1931-இல் கோதுமை புஷலுக்கு அரை டாலரும் பெறவில்லை. பிறகு மழையும் நின்றது. பயிரில்லை, புல்லுமில்லை, காற்று மட்டும் ஓயவில்லை. உழுத மண் எழுந்து பறந்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. தெளிந்த வானத்தோடு விடிந்த அந்நாளின் மாலையில், வடதிசையிலிருந்து மலைபோல் உயர்ந்த கரிய புழுதித் திரை வந்து பாய்ஸ் சிட்டியை மூடியது. தன் கையைத் தானே காண இயலாத இருள்! பாய்ஸ் சிட்டியை அடுத்த சாலையில் அதனிடம் அகப்பட்டவருள் ராபர்ட் கைகர் என்னும் செய்தியாளரும் ஒருவர். மறுநாள் அவர் விடுத்த செய்தியில் ‘தூசிக் கிண்ணம்’ என்னும் தொடர் இடம்பெற்றது. அப்பகுதிக்கு அதுவே பெயராய் நிலைத்தது.

தமிழ் நூலார் பாலையைத் தனி நிலமாகக் கொள்ளவில்லை. தன் இயல்பு கெட்ட பிற நிலத்தையே பாலை என்றனர். சிமரானில் நேர்ந்ததும் அதுவே. ஆனால் அங்கு அதனைச் செய்தது வெயில் மட்டும் அன்று.

மக்கள் சன்னல்களில் நனைந்த துணியைத் தொங்கவிட்டனர். புழுதி நுரையீரலில் படிந்து குழந்தைகளும் முதியோரும் மாண்டனர். 1936-இல் ஆர்தர் ரோத்ஸ்டீன் என்பார் இம்மாவட்டத்தில் எடுத்த நிழற்படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. உழவர் ஒருவர் தம் மைந்தர் இருவருடன், பாதி மணலில் புதைந்த கொட்டகையைக் கடந்து, காற்றை எதிர்த்துக் குனிந்து நடக்கின்றார். இளையவன் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு பின்தங்கி வருகின்றான்.

1940-இல் எண்ணியபோது 3,654 பேரே இருந்தனர். மூவருள் ஒருவர் குறைந்துவிட்டார். அதனைப் பலரும் எழுதியுள்ளனர். மூவருள் இருவர் அளவினர் அப்புழுதியிலும் அங்கு இருந்தனர் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அவர்கள் எவ்வாறு பிழைத்தனர்? ஹியூ பென்னட் என்னும் மண்ணியல் அறிஞரின் முயற்சியால் 1935-இல் மண்பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சரிவிற்குக் குறுக்கே உழவும், பயிரையும் தரிசையும் பட்டைப் பட்டையாக மாற்றி வைக்கவும் உழவர் கற்றனர். பாழான நிலங்கள் சிலவற்றை அரசே விலைக்கு வாங்கி மீண்டும் புல் வளர்த்தது. உதவிப்பணித் திட்டத்தில் கூலி பெற்ற சிலர், கென்டன் அருகே டைனசோர் எலும்புகளை அகழ்ந்தெடுத்தனர்.

மழை மீண்டும் வந்தது. 1950-இல் மக்கள் 4,589 ஆயினர். பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் தோன்றின. ஓகலாலா எனப்படும் நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து நீரை இறைத்துச் சோளமும் கோதுமையும் விளைக்கின்றனர். அந்நீர் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தது. இறைக்கும் வேகத்தில் அது ஊறுவதில்லை; நீர்மட்டம் தாழ்ந்து வருகிறது. பெரும்பொறிகள் வந்தபின் வயலுக்கு வேண்டிய ஆட்களும் குறைந்தனர். அதனால் புழுதிப் புயல் இல்லாமலே மக்கள்தொகை மீண்டும் சுருங்கியது.

இம்மாவட்டத்தின் வழியே 19-ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் சாந்தா ஃபே நகருக்கு வண்டிகள் ஓட்டிச் சென்றனர். வழியிலிருந்த பாறைகளில் தம் பெயர்களையும் செதுக்கினர். கலப்பை படாத புல்வெளியில் அவ்வண்டிகளின் தடங்களை இன்றும் காணலாம்.