கண்ணளவும் எண்ணளவும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மனிதருடைய சரீரத்தை மதிப்பிடும் காரியம் நெடுங்காலமாகக் கண்ணுக்கே ஒப்படைக்கப்பட்டிருந்தது. வயலும் எருமைப்பட்டியும் உடைய போடியாருக்குச் சற்றே முன்தள்ளிய வண்டி இருப்பது செல்வத்தின் இலட்சணமென்று கொள்ளப்பட்டதும், மத்திய கிழக்கிலே உழைத்து ஊர் திரும்பிய பிள்ளையைக் கண்ட மாத்திரத்தில் "என்ன மனே, இப்பிடி மெலிஞ்சு பெயித்தாய்?" என்று பெரியம்மாமார் அங்கலாய்ப்பதும் அந்தக் கண்ணளவின் தீர்ப்புகளே. இப்போது அதற்குப் போட்டியாக ஓர் எண் வந்து சேர்ந்திருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலே புதுமணத் தம்பதியருக்கும், முதன்முதலாகப் பதிவுக்கு வரும் கர்ப்பவதிகளுக்கும், நடுவயதில் தொற்றா நோய்ப் பரிசோதனைக்கு வருவோருக்கும் நிறையும் உயரமும் அளந்து, உடற்திணிவுச் சுட்டி என்று ஒன்றைக் குறித்துக் கொடுக்கிறார்கள். ஊர் வழக்கிலே அது பீ.எம்.ஐ. எண் வந்ததோடு கூடவே அதைச் சுற்றிப் புதிய நம்பிக்கைகளும் வந்துவிட்டன; அவற்றுட் சில, பழைய கண்ணளவைக் காட்டிலும் அபாயமானவை.

வைத்தியர்கள் மாத்திரமே அறிந்த ஏதோவொரு சூட்சுமம் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறதென்று கருதுவோர் பலர். அதன் மூலகர்த்தாவோ வைத்தியரே அல்லர். பெல்ஜிய தேசத்து வானசாஸ்திரியும் புள்ளிவிபர நிபுணருமான அடோல்ப் கெட்டலே, கிரகங்களையும் நட்சத்திரங்களையும் அவதானிக்கப் பயன்பட்ட கணிதத்தை மனித சமூகத்தின்மீது பிரயோகித்துச் 'சராசரி மனிதன்' ஒருவனைத் தேடிய காலத்தில், வளர்ந்தவர்களுடைய நிறை அவர்களது உயரத்தின் வர்க்கத்தை ஒட்டியே கூடிக் குறைகிறதென்று 1830களிலே கண்டார். கொழுப்பைப் பற்றியோ வியாதியைப் பற்றியோ அவருக்கு அப்போது விசாரமில்லை. அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் அன்சல் கீஸ் 1972இல் பல தேசத்து ஆண்களின் அளவுகளை ஒப்பிட்டு, வழக்கிலிருந்த சூத்திரங்களுள் இதுவே உபயோகமானதென்று தேர்ந்து, இன்றுள்ள பெயரையும் சூட்டினார். அந்த ஆராய்ச்சியிலே பெண்கள் இடம்பெறவில்லை என்பதையும் ஞாபகத்தில் வைத்திருப்பது நல்லது.

கணக்கோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் கைவரக்கூடியது. கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தீர்ந்தது. நம்மவர் உயரத்தை இன்னமும் அடியும் அங்குலமுமாகவே சொல்வதால், முதலில் அங்குலமாக்கி 2.54ஆல் பெருக்கிச் சென்ரிமீற்றராக்கிக்கொள்ள வேண்டும். 5 அடி 1 அங்குல உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு அது ஏறக்குறைய 155 சென்ரிமீற்றர், அதாவது 1.55 மீற்றர், அதன் வர்க்கம் 2.40, அவருடைய நிறை 60 கிலோவானால் சுட்டி 25. உயரம் இங்கே இருமுறை பெருக்கப்படுகிறபடியால், அதில் செய்யும் பொய் இரட்டித்துப் பலன் தரும்: அதே பெண் செருப்போடு நின்று 158 என்று எழுதிக்கொண்டால் சுட்டி 24க்கு இறங்கிவிடும். ஆகையால் அளவு எடுக்கும்போது பாதரட்சையைக் கழற்றிவிட்டு, குதிக்கால் சுவரிற் படும்படி நிமிர்ந்து நிற்பது அவசியம்.

இவ்வளவு பிரயாசை எதற்கு, சென்ரிமீற்றர் உயரத்தில் நூறைக் கழித்தால் இருக்கவேண்டிய நிறை வந்துவிடுமே என்பார் சிலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த போல் புரோக்கா என்னும் பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணருடைய பெயரால் வழங்கிவரும் விதி அது. 150 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்கு அது 50 கிலோவை அனுமதிக்கிறது. சுட்டி 22 ஆகிறது. 170 உள்ளவருக்கு 70 கிலோ. சுட்டி 24ஐத் தாண்டுகிறது. குள்ளமானவரிடம் கண்டிப்பும் நெட்டையரிடம் தாராளமும் காட்டும் அந்த விதியை விட்டுவிடலாம்.

ஆனால் மிகப் பெரிய கேடு விளைவிக்கும் நம்பிக்கை, சுட்டி 25ஐத் தாண்டாதவரையில் பயமில்லை என்பதுதான். 18.5க்குக் கீழே குறைநிறை, 25 முதல் மிகைநிறை, 30 முதல் உடற்பருமன் என்ற பொது வரம்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரிடையே கண்ட அனுபவத்தைக்கொண்டு வகுக்கப்பட்டவை. 2002இல் சிங்கப்பூரிலே உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டிய நிபுணர் குழு, ஆசிய மக்களுட் பலருக்கு 25ஐ எட்டுவதற்கு முன்னதாகவே நீரிழிவும் இருதய நோயும் தொடர்கின்றன என்பதை ஒப்புக்கொண்டு, பொது வரம்புகளை அழிக்காமலே, 23ஐயும் 27.5ஐயும் நமக்குரிய எச்சரிக்கைப் படிகளாகச் சேர்த்தது. இலங்கையின் சுகாதாரப் பகுதியினர் கைக்கொள்வதும் இவற்றையே. மேலே சொன்ன பெண்மணி, பொது வரம்பின்படி வாசற்படியிலே நிற்பவர். நமது வரம்பின்படியோ 55 கிலோவைச் சற்றே தாண்டியபோதே அதைக் கடந்துவிட்டவர்.

அந்தக் குழுவின் அறிக்கை 2004இல் 'லான்செட்' என்ற வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தபோது, அதே இதழிலே இரண்டு வைத்தியர்களின் புகைப்படமும் வெளிவந்தது. ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக். மற்றவர் லண்டன் நகரத்து யுட்கின். இருவருடைய சுட்டியும் 22.3 என்று அட்சரம் பிசகாமல் ஒன்றாகவே இருந்தது. கொழுப்பை அளந்து பார்த்தால், யுட்கினுடைய தேகத்திலே 9.1 சதவீதமும் யாஜ்னிக்கினுடைய தேகத்திலே 21.2 சதவீதமும் இருந்தன! கைகால் மெலிந்து, தசை குறைந்து, வயிற்றறைக்குள்ளே உறுப்புகளைச் சூழ்ந்து கொழுப்பு ஒளிந்திருக்கும் இந்தத் தெற்காசியத் தேகத்தைக் கண்ணாலும் பிடிக்க முடியாது, நிறைத்தராசாலும் பிடிக்க முடியாது. "இந்தத் தேகத்துக்கா சீனி வருத்தம்?" என்று சிகிச்சைப் பிரிவின் வாங்கிலே அமர்ந்து வியப்பவர்களுடைய வியப்புக்கு விடை அந்தப் புகைப்படத்திலே இருக்கிறது. வலித்த துடுப்பின் இடத்தில் இயந்திரமும், குனிந்து அறுத்த தாக்கத்தியின் இடத்தில் அறுவடை இயந்திரமும், நடந்த பாதையிலே மோட்டார் சைக்கிளும் வந்த பின்பு, உழைப்பாளியின் சோற்றுக்கோப்பை மாத்திரம் பழைய அளவிலேயே நிற்பதையும் இங்கே சேர்த்து யோசிக்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு, எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று மறுபுறம் சாய்வாரும் உண்டு. அதுவும் பிசகு. படுவான்கரைக் கிராமங்களிலே, உலை வைப்பதே ஒரு பிரச்சினையாயிருக்கும் வீடுகளில், 18.5க்குக் கீழே உள்ள தாய் ஒருத்தியை 'கொடி போன்றவள்' என்று புகழ்வதில் எந்த அர்த்தமுமில்லை. அவள் கருவுற்றால் குழந்தை நிறை குறைந்து பிறக்கும் அபாயம் அதிகம். குடும்பநல உத்தியோகத்தர்கள் விவாகமான புதிதிலேயே இந்தச் சுட்டியைக் கணிக்க விரும்புவது, பருத்தவர்களைப் போலவே இத்தகைய மெலிந்தவர்களையும் காலத்தோடு கண்டுகொள்வதற்காகத்தான். கர்ப்பத்தின் முதற் பன்னிரண்டு வாரங்களுக்குள் எடுத்த எண்ணே அங்கே பெறுமதியுள்ளது. வயிறு வளர்ந்த பின்பு கணித்துக் கலங்குவது வீண் வேலை.

வேறு சிலரிடத்திலும் இந்த எண் ஏமாறும். வீச்சுவலை எறிந்து தோளும் முதுகும் திரண்ட மீனவர் ஒருவரை அது மிகைநிறையுடையவர் என்று குற்றஞ்சாட்டக்கூடும், ஏனெனில் தசைக்கும் கொழுப்புக்கும் அதற்குப் பேதம் தெரியாது. சிறுநீரகமோ இருதயமோ பழுதுற்றுக் கால்வீங்கியவரிடத்தில் அது நீரையே நிறுக்கிறது. முதுமையிலே தசை கரைந்து கூனும் விழுந்தவருக்கு அது தரும் நற்சாட்சிப் பத்திரத்தை நம்ப முடியாது. பிள்ளைகளுக்கோ வயதையும் பாலையும் ஒட்டிய வேறு அட்டவணைகள் இருக்கின்றன. பெரியோரின் வரம்பை அவர்கள்மேல் ஏற்றக்கூடாது.

ஆகவேதான் சுட்டியோடு ஓர் அளவுநாடாவும் வேண்டியிருக்கிறது. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினால், சுட்டி 23க்குக் கீழே இருந்தபோதிலும், இரத்தத்துச் சீனியையும் அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்வது விவேகம். "இருபது வருஷமாக என் களிசான் அளவு மாறவில்லை" என்று பெருமை பேசுவோர், அந்தக் களிசான் இப்போது எவ்விடத்திலே நிற்கிறதென்று குனிந்து பார்ப்பதில்லை. வண்டி முன்னுக்கு வரவர, களிசானும் சாரமும் அதற்குக் கீழே இறங்கி, மாறாத பழைய எலும்பின்மேல் சௌகரியமாக அமர்ந்துகொள்கின்றன. நாடா சுற்றவேண்டிய இடம் அதுவன்று. விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை விட்ட நிலையிலே, வெறுந்தோலின்மேல் அளக்க வேண்டும்.