ஃபைல் படிக்க ஏன் இவ்வளவு நேரம்?

கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா நம்ம காரைக்கால் விவசாயி என்ன செய்வார்? வாய்க்கால் கரையிலேயே மேலே நடந்து போவார். மதகு மூடியிருக்கா, ஆகாயத்தாமரை அடைச்சிருக்கா, ஆத்துலயே தண்ணி கம்மியா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். லேப்டாப்பில் ஃபைல் மெதுவாக வந்தாலும் அப்படித்தான் தேட வேண்டும்.

2020-ல் வந்த ஃபெடோரா 33 முதல் அதன் டெஸ்க்டாப் பதிப்புகளில் பிடிஆர்எஃப்எஸ்தான் இயல்பான ஃபைல் சிஸ்டம். 2021-ல் வந்த 34-ஆம் பதிப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்தால், இசட்எஸ்டிடி கம்ப்ரஷனும் தானாகவே ஆன் ஆகியிருக்கும். அதனால் தெரியாமலேயே கம்ப்ரஸ் ஆன டிஸ்க்கில் பிராஜெக்ட் செய்பவர்கள் நம்மில் நிறைய பேர். ரிவ்யூவுக்கு முந்தைய ராத்திரி டேட்டாசெட் நகரவில்லை என்றால், "கம்ப்ரஷன்தான் காரணம், ஃபார்மேட் பண்ணிடு" என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீங்க.

1. முதலில் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா?

கெர்னல் லாக்கில் அந்த டிஸ்க்கின் பெயரோடு ஐ/ஓ எரர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மற்ற சோதனை எல்லாம் அப்புறம். உடனே டேட்டாவை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்க. சாகப்போகிற டிஸ்க்கும் முதலில் மெதுவாகத்தான் படிக்கும்.

2. சரியாக அளங்க

ஒரே ஃபைலை இரண்டாம் முறை படித்தால் அது ரேமில் உள்ள கேச்சிலிருந்து வரும். டிஸ்க் வேகம் தெரியாது. கேச்சைக் காலி செய்துவிட்டு, அல்லது ரீபூட் செய்துவிட்டு அளக்க வேண்டும். வெறும் பூஜ்யங்களால் ஆன டெஸ்ட் ஃபைலும் வேண்டாம். அது சுருங்கி ஒன்றுமில்லாமல் போய், டிஸ்க் ராக்கெட் வேகத்தில் ஓடுவதாகக் காட்டும். உங்கள் சொந்த டேட்டாவையே படித்துப் பாருங்க.

3. யாருக்கு மூச்சு வாங்குது?

ஒரு டெர்மினலில் ஐஓஸ்டாட், இன்னொன்றில் டாப்.

டிஸ்க் 100% பிசி, சிபியு சும்மா இருக்கு: தடை டிஸ்க்கில். இங்கே கம்ப்ரஷன் நமக்கு நண்பன். ஃபைல் பாதியாகச் சுருங்கியிருந்தால் டிஸ்க் பாதி டேட்டாவைத்தான் கொண்டு வர வேண்டும். அதை நிறுத்தினால் இன்னும் மெதுவாகும்.

டிஸ்க் சும்மா, சிபியுவில் ஒரு கோர் முழுசா ஓடுது: பெர்ஃப் டாப் போட்டுப் பாருங்க. இசட்எஸ்டிடி என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் மேலே வந்தால் சுருக்கத்தை விரிப்பதில்தான் நேரம் போகிறது. பைத்தான் வந்தால், மன்னிக்கவும், கோளாறு உங்கள் கோடில்.

4. எப்படிப் படிக்கிறோம்?

பிடிஆர்எஃப்எஸ் டேட்டாவை அதிகபட்சம் 128 கேபி துண்டுகளாகச் சுருக்குகிறது. நடுவில் 4 கேபி கேட்டாலும் அந்தத் துண்டு முழுவதையும் எடுத்து விரிக்க வேண்டும். அதாவது 32 மடங்கு வேலை. வரிசையாகப் படித்தால் அடுத்த பகுதியும் உடனே பயன்படும், நஷ்டமில்லை. டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் இமேஜ் மாதிரி அங்கங்கே தாவிப் படிக்கும் ஃபைல்களில்தான் அடி.

தீர்வு: பெரிய துண்டுகளாக, வரிசையாகப் படிங்க. முடியாவிட்டால் ஒரு ஃபோல்டருக்கு மட்டும் கம்ப்ரஷனை நிறுத்தி, அதில் ஃபைலைப் புதிதாக எழுதுங்க. காப்பி செய்யும்போது ரீஃப்லிங்க்கை அணைக்க மறக்காதீங்க. இல்லையென்றால் புது ஃபைலும் பழைய சுருங்கிய துண்டுகளையே பங்கு போட்டுக்கொள்ளும்.

நிறைய பேர் விழும் குழிகள்

ஃபைல்ஃப்ராக் 1 ஜிபி ஃபைலுக்கு 8,192 துண்டு காட்டினால் பதற வேண்டாம். 1 ஜிபியை 128 கேபியால் வகுத்தால் வருவதே அதுதான். அதைப் பார்த்து டிஃப்ராக் செய்தால், ஸ்னாப்ஷாட்டுடன் இருந்த பங்கு உடைந்து டிஸ்க் நிரம்பிவிடலாம்.

கம்ப்ரஷன் லெவலைக் குறைத்தால் எழுதுவதுதான் வேகமாகும். இசட்எஸ்டிடியில் படிக்கும் வேகம் எல்லா லெவலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மவுன்ட் ஆப்ஷனை மாற்றினாலும் பழைய ஃபைல்கள் அப்படியே இருக்கும். புதிதாக எழுதுவதற்குத்தான் அது பொருந்தும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் அளந்து நோட்டில் எழுதுங்க. எல்லா மதகையும் ஒரே நாளில் திறந்துவிட்டால், அடைப்பு எங்கே இருந்ததென்று யாருக்கும் தெரியாது.